சனிக்கிழமை வரவேற்புக் கமிட்டி

பன்னீர் வாசனை எனக்கு ஆகாது. கலியாண வீட்டு வாசலில் யாராவது பன்னீர்ச் செம்பை எடுத்தால் நான் ஒதுங்கிப் போய்விடுவேன். டீச்சரம்மாவுக்குத் தலைவலி என்று என் சொந்தக்காரர்கள் எனக்காகச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். தலைவலி இல்லை, வயிற்றெரிச்சல். அது எங்கே பற்றிக்கொண்டது என்பதை இத்தனை வருஷம் கழித்தாவது எழுதி வைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூனில் தமிழருக்கு வாசகசாலைக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்துக்காரர்களுக்கு ஒன்று, ரயில்வேக்காரர்களுக்கு ஒன்று, முனிசிபாலிட்டி ஆட்களுக்கு ஒன்று, கோயிலை ஒட்டி ஒன்று, மாதா கோயிலை ஒட்டி ஒன்று. இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, மூலையில் த்வாண்டே ஊர் மண்பானையில் தண்ணீர் இருந்தால் போதும், வாசலில் பலகை மாட்டிவிடுவார்கள். கப்பலில் வந்த பத்திரிகையை ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் வெற்றிலை மென்றுகொண்டு கேட்பார்கள். நான் அப்போது ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் டீச்சர். மேல்வகுப்புப் பெண்களுக்கான புத்தக அலமாரியும் என் பொறுப்பில் இருந்தது. அப்பா வெள்ளைக்காரர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து காலமானவர். நானும் அம்மாவும் தாமுவேயில் ஒரு மரவீட்டின் மாடியில் குடியிருந்தோம். எனக்குக் கலியாணம் ஆகவில்லை. ஆகவே எனக்கு நேரம் நிறையக் கிடக்கிறது என்று ஊரே முடிவு செய்திருந்தது.

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இருந்தது, பெரியவர்களுக்குப் பத்திரிகை இருந்தது. நடுவில் மீசை அரும்புகிற வயதில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் தெருமுனையில் நின்று சீட்டாடினார்கள். அங்கங்கே புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலையைப் பார்த்து வந்த நாங்கள் சிலர் சேர்ந்து அவர்களுக்காக ஒரு சங்கம் வைத்தோம். நாங்கள் என்றால், அத்தனை வாசகசாலைகளிலிருந்தும் வந்த ஆண்கள், பிறகு நான். பபேடானில் ஒரு ஜவுளிக் கிடங்குக்கு மேலே இருந்த ஹாலில் கூட்டம் நடக்கும். அந்த ஜவுளிக்கடை முதலாளிதான் தலைவர். ஹால் அவருடையது என்பதால் அவரைத் தேர்ந்தெடுப்பதில் சிரமம் இருக்கவில்லை. செயலாளர் துறைமுக ஆபீசில் பெரிய கிளார்க்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் ஒரு யோசனை சொன்னாலும் அதை யாரும் மறுக்கமாட்டார்கள். செயலாளர் உடனே எழுந்து, "நல்ல யோசனை. இதுக்கு ஒரு கமிட்டி போட்ருவோம். சொன்னவங்களே கன்வீனரா இருக்கட்டும்" என்பார். எல்லோரும் கைதட்டுவார்கள். யோசனை சொன்னவர் அத்தோடு தொலைந்தார். கெட்டிக்காரர்கள் இதைச் சீக்கிரம் தெரிந்துகொண்டு வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் கெட்டிக்காரி இல்லை. யாருக்கு விருப்பம் என்று கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போயிருக்கும்.

புத்தகத் தேர்வுக் கமிட்டியில் இருந்தேன். இளவயதுப் பிள்ளைகள் கையில் நாவல் கொடுக்கலாமா என்ற விவாதம் ஒரு மழைக்காலத்தில் தொடங்கி மறு மழைக்காலம் வரை நடந்தது. நாவல் படித்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று அடித்துப் பேசியவர், என் பள்ளி அலமாரியிலிருந்து, அங்கே படிக்கிற மகள் பேரில், தமது மனைவிக்கு என்று சொல்லி மாதம் இரண்டு நாவல் வாங்கிப்போவார். மனைவிக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். விதிகள் கமிட்டியில் இருந்தேன். வெற்றிலைக் கறை பட்ட கையோடு புத்தகத்தைத் தொடக்கூடாது என்று விதி எழுதினோம். எழுதினவர்களின் விரல் சிவப்பு அந்தக் காகிதத்திலேயே பதிந்தது. பிறகு ஆண்டு விழாக் கமிட்டி, பலகை எழுதும் கமிட்டி. எந்தக் கமிட்டியாக இருந்தாலும் கடைசியில் டீயும் பலகாரமும் என் தலையில்தான் வந்து விழும். "அதெல்லாம் டீச்சரம்மா பாத்துக்குவாங்க" என்பார்கள். பாடத்துக்கு அனுப்பிய ஆளை அடுப்படியில் நிறுத்திய கதைதான்.

எதைக் கேட்டாலும் செயலாளர், "கெய்சா மஷிபூ" என்பார். பரவாயில்லை, ஒன்றும் மோசமில்லை என்பதற்குப் பர்மாக்காரர்கள் சொல்வது. நம்மவர் நாக்கிலும் அது ஒட்டிக்கொண்டது. பர்மாக்காரர் அதைச் சொல்லும்போது நமக்கு மனம் லேசாகும். எங்கள் செயலாளர் சொன்னால் அந்தக் காரியம் அடுத்த வருஷத்துக்குப் போயிற்று என்று அர்த்தம்.

இத்தனையையும் நான் பொறுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்ததற்கு ஒரே ஒரு காரணம் இருந்தது. என் பள்ளியில் பெண்கள் பெரிய மனுஷி ஆனதும் நின்றுவிடுவார்கள். ஒரு திங்கட்கிழமை பெஞ்சில் இடம் காலியாக இருக்கும். கேட்டால் பக்கத்துப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அதன் பிறகு கலியாணம் ஆகும்வரை அந்தப் பெண்ணுக்கு நாலு சுவர்தான். பள்ளிப் புத்தகம் பள்ளியில் படிக்கிறவர்களுக்குத்தான் கொடுக்கலாம் என்பது மிஷன் சட்டம். ஊரில் இத்தனை வாசகசாலை இருந்தும் அதில் ஒன்றின் படியைக்கூட ஒரு தமிழ்ப் பெண் மிதித்ததில்லை. இளவயதினருக்கான சங்கம் என்று பலகை வைத்திருந்தோமே, இளவயதில் பெண்கள் கிடையாதா? வாரா வாரம் சனிக்கிழமை மத்தியானம் அந்த ஹாலைப் பெண்களுக்கு மட்டும் விடவேண்டும் என்று கேட்டேன். கமிட்டி போட்டார்கள். கன்வீனர் நான்தான்.

அப்போது என் மனசில் இருந்தது ஒரு பெண். என் வகுப்பில் படித்தவள். கணக்கில் சுமார், ஆனால் எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் மறுநாள் முடித்துவிட்டு அடுத்ததுக்கு வந்து நிற்பாள். மணி மணியான கையெழுத்து. அப்பா துறைமுகத்தில் மேஸ்திரி. கூலியாக வந்து மேஸ்திரி ஆனவர். நம்மவர்களுக்குக் கௌரவம் வந்தால் முதல் வேலையாகப் பெண்பிள்ளையைத்தான் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்கள். அந்த மேஸ்திரியின் தாய் தலையில் கூடை சுமந்து தெருத் தெருவாக மீன் விற்றவள். மகள் பெரிய மனுஷி ஆனதும் தெருப்பக்கத்து ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டார்.

நான் ஒரு தடவை புடவைத் தலைப்புக்குள் ஒரு புத்தகத்தை மறைத்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். மேஸ்திரி கண்ணில் பட்டுவிட்டது. அதை இரண்டாகக் கிழித்து வாய்க்காலில் போட்டதாகப் பிறகு தெரிந்தது. புத்தகம் பிடித்த கை மாப்பிள்ளைக்கு அடங்காது என்று சொன்னாராம்.

ஆனால் அம்மாக்காரி வேறு மாதிரி. அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரம்மா, இவள எங்க கட்டிக் குடுப்பாரோ தெரியல. மோல்மேனோ, மாந்தளையோ. எழுத்து மறந்துட்டான்னா எனக்கு யாரு கடுதாசி போடுவா?" என்றாள். "எங்கம்மா ஊர்ல செத்தது ஒரு மழைக்காலம் முடிஞ்சப்புறம்தான் எனக்குத் தெரியும். எழுதத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் வீட்ல இல்ல. யாரோ கப்பல்ல வந்தவரு சொன்னாரு."

நான் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் மேஸ்திரி கப்பல் வேலையில் இருப்பார், பொழுது சாய்ந்துதான் வருவார் என்று அவளும் கணக்குப் போட்டாள்.

"ஆம்பளைங்க யாரும் இருக்கமாட்டாங்களே?"

"ஒருத்தர்கூட இருக்கமாட்டாங்க. நான் மட்டும்தான்."

"இவ அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையும் சேத்துப் பொலி போட்ருவாரு."

"தெரியாதும்மா. சத்தமில்லாம வந்துட்டுப் போகலாம். ஜன்னல் அடச்ச வண்டியில வாங்க, படிக்கிட்ட எறங்கி நேரா மேல ஏறிடலாம்."

"உங்க வார்த்தைய நம்பித்தான் வருவேன் டீச்சரம்மா. சங்கத்த எனக்குத் தெரியாது."

அந்த வார்த்தையைக் கொடுத்துவிட்டு வந்தேன். இவளைப் போல இன்னும் சில தாய்மார்களிடமும் பேசி வைத்தேன். தாமுவேக்கும் பபேடானுக்கும் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. கமிட்டியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து, பேசி, சம்மதம் வாங்கினேன். அலமாரிக்குப் புத்தகம் கேட்டு வீடு வீடாகப் போனேன். ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. கடைசியில் அடுத்த மழைக்காலமும் முடிந்த பிறகு ஏகமனதாக நிறைவேற்றினார்கள். எங்கள் சங்கத்தில் எதுவும் ஏகமனதாகத்தான் நிறைவேறும். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டேன். சின்னப்பெண் மாதிரி சந்தோஷப்பட்டேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

திறக்கிற நாளைப் பற்றிப் பேசக் கூடினபோது நான் தெளிவாகச் சொன்னேன்.

"விழா ஒண்ணும் வேண்டாங்க. கதவத் தொறந்து வச்சா போதும். நான் இருக்கேன்."

தலைவர் சிரித்தார். "டீச்சரம்மா அடக்கமாச் சொல்றாங்க. அதுக்காக நாம மரியாத செய்யாம விடலாமா?"

"அடக்கம் இல்லைங்க ஐயா. நெசமாவே வேண்டாம். ஆம்பளைங்க நின்னா தாய்மாருங்க அனுப்பமாட்டாங்க."

"நாங்க என்ன அந்நிய ஆம்பளைங்களா? எல்லாரும் அப்பன் ஸ்தானம்."

அதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை. செயலாளர் துறைமுக ஆபீஸ்காரர். மேஸ்திரி அவர் மேசைக்கு எதிரே தினம் கைகட்டி நிற்கிறவர். எந்தப் பெண் வரப்போகிறாள், ஏன் ரகசியமாக வரவேண்டும் என்று நான் வாயைத் திறந்தால் அன்று மாலையே மேஸ்திரி காதுக்குப் போய்விடும். "வேண்டவே வேண்டாம்" என்று மறுபடியும் சொன்னேன். "கெய்சா மஷிபூ" என்றார் செயலாளர். "எளிமையா வச்சுக்கலாம். நீங்க மேல இருங்க, கீழ நாங்க பாத்துக்கறோம்." படிப்பதற்கு வரும் ஆண்களைக் கீழேயே நிறுத்தித் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதுவும் தேவைதான் என்று பேசாமல் வந்துவிட்டேன்.

நம்மவர்களுக்கு ‘வேண்டாம்’ என்ற சொல் காதில் ஏறாது. இலையில் கை வைத்து மறைத்துப் போதும் என்றாலும், விரலிடுக்கில் இன்னொரு கரண்டி ஊற்றுகிற ஜனங்கள் நாம். மாலை வேண்டாம் என்கிறவர் கழுத்தில் இரண்டாகப் போடுவோம். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவர் நல்ல மாதிரி, இன்னும் கொஞ்சம் வற்புறுத்த வேண்டும் என்பதுதான் எங்கள் சங்கத்துக்குத் தெரிந்த ஒரே அர்த்தம். நான் மூன்று தரம் சொன்னதால் அவர்கள் மூன்று மடங்கு செய்துவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை சீக்கிரமே போய் ஹாலைப் பெருக்கினேன். பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்தேன். பானையில் புதுத் தண்ணீர் நிரப்பினேன். அலமாரிக்குக் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள், அதைத் துடைத்து, புத்தகங்களின் முதுகு தெரியும்படி அடுக்கினேன். அந்தப் பெண்ணுக்கென்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். எழுதிப் பழகக் காகிதமும் பேனாவும்கூட வைத்தேன். பிறகு கீழே நாகசுரம் கேட்டது.

தெருவில் ஏதோ கலியாண ஊர்வலம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நகரவில்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். எங்கள் வாசலில் இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருந்தது. மாவிலைத் தோரணம். நடைபாதையில் நாற்காலிகள் வரிசையாகப் போட்டு, சங்கத்தின் அத்தனை பேரும் கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கையில் பன்னீர்ச் செம்பு, ஒருவர் கையில் சந்தனக் கிண்ணம், ஒருவர் கற்கண்டுத் தட்டு. தலைவர் நடுவில், மடியில் பெரிய ரோஜா மாலை. எதிரே பர்மாக்காரம்மாள் ஒருத்தி மீன்சாறும் சேமியாவுமாக விற்கும் மொஹிங்காக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கிண்ணத்தோடு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள்.

படியில் விழுந்தடித்து இறங்கினேன்.

"ஐயா, இதெல்லாம் என்னங்க?"

"வரவேற்புக் கமிட்டிம்மா."

"எப்பப் போட்டீங்க?"

"உங்களுக்குத் தெரியாமச் செய்யணும்னுதான்" என்றார் தலைவர். முகமெல்லாம் சந்தோஷம். "உங்களுக்கும் ஒரு மால இருக்கு. மொதல்ல வர்ற பொண்ணுக்கு இது."

"வயசுப் பொண்ணுக்கு ஆம்பள கையால மாலையாங்க ஐயா?"

"கழுத்துல போடமாட்டேம்மா. கையிலதான் குடுப்பேன். எனக்குத் தெரியாதா?"

அவர் உண்மையிலேயே அதை யோசித்து வைத்திருந்தார். அதுதான் என்னை அடித்துப்போட்டது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். மகிழ்ச்சி பொங்க உட்கார்ந்திருக்கிற ஒரு வரிசை அப்பன் ஸ்தானத்தை என்ன செய்வது? "எல்லாரும் தயவுசெஞ்சு உள்ள போயிடுங்க, இல்லன்னா வீட்டுக்குப் போயிடுங்க" என்று கெஞ்சினேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். நாகசுரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பிற்று. ஜன்னல் அடைத்த வண்டி. குதிரை நடையைத் தளர்த்திக்கொண்டு வாசலை நோக்கி வந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். பன்னீர்ச் செம்பு முன்னால் வந்தது. தலைவர் மாலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். வண்டியின் மரச்சட்டங்களுக்கு நடுவே விரல்கள் தெரிந்தன, வளையல் போட்ட கை. நான் ஓடிப்போய் வண்டியைத் தொட்டேன்.

"வண்டிய ஓட்டு" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மாக்காரியின் குரல்.

வண்டிக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு குதிரையைத் தட்டினார். வண்டி எங்கள் வரிசையைக் கடந்து நேரே போயிற்று. அதற்குள் பன்னீர்க்காரர் தெளித்துவிட்டார். வண்டி போன இடத்தில் நின்ற என் மேல்தான் அத்தனையும் விழுந்தது.

"யாரு வண்டி அது?" என்றார் செயலாளர்.

"தெரியல" என்றேன்.

இன்னும் சில வண்டிகள் முனைவரை வந்து, அங்கேயே திரும்பிப் போயின. சாயந்திரம் வரை காத்திருந்தார்கள். பிறகு நான் பெண்களுக்காகச் செய்து கொண்டுபோயிருந்த பலகாரத்தை அவர்களே சாப்பிட்டார்கள். செயலாளர் கையைத் துடைத்துக்கொண்டே, "நம்ம பொம்பளைங்களுக்கு இதோட அரும தெரியல" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். எனக்காக வாங்கிய மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் பானையின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போனேன். அம்மாக்காரி கதவைப் பாதிதான் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. பெண் கண்ணிலேயே படவில்லை.

"ஆம்பளைங்க இருக்கமாட்டாங்கன்னு சொன்னீங்களே."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேம்மா. எத்தனையோ தடவ சொன்னேன். அவங்க கேக்கல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை.

"அப்ப உங்க பேச்ச அங்க யாரும் கேக்கறதில்லையா?" என்றாள். "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே டீச்சரம்மா."

இத்தனை வருஷத்தில் என்னை எத்தனையோ பேர் ஏசியிருக்கிறார்கள். எதுவும் இப்படி உறைத்ததில்லை. நான் அந்தச் சங்கத்தில் எத்தனை கமிட்டியில் இருந்தேன், எத்தனைக்குக் கன்வீனர் என்று என் அம்மா எங்கள் மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். எழுத்தறியாத ஒருத்தி ஒரே பார்வையில் அத்தனைக்கும் விலை போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் நான் போய் ஹாலைத் திறந்து வைத்தேன். ஒருத்தியும் வரவில்லை. சங்கத்து ஆண்கள்தான் ஒருவர் மாற்றி ஒருவர் மாடியேறி வந்து தலையை நீட்டி, "யாராவது வந்தாங்களா டீச்சரம்மா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். அக்கறைதான். அந்த அக்கறையைப் பார்த்தே இரண்டு மூன்று தாய்மார்கள் பாதிப் படியிலிருந்து இறங்கிப் போனதாக எதிர்க்கடைப் பர்மாக்காரம்மாள் எனக்குச் சொன்னாள். "சயாமா, உங்க ஆளுங்கள மொதல்ல வீட்ல பூட்டி வைங்க" என்றாள் தனக்குத் தெரிந்த தமிழில். சயாமா என்றால் டீச்சர். அந்தத் தெருவில் விஷயம் புரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

வருஷாந்தரக் கூட்டத்துக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள், மேஸ்திரிமார்கள், கடைக்காரர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். செயலாளர் அறிக்கை வாசித்தார். பெண்களுக்கென்று சங்கம் பெருமுயற்சி எடுத்து, வாழைமரம் கட்டி, மேளதாளத்துடன் சனிக்கிழமை வாசிப்பைத் தொடங்கியதாகவும், பெண்கள் ஒருவரும் வராமையால் அந்த நேரத்தை வேறு நற்காரியத்துக்கு ஒதுக்குவதாகவும் வாசித்தார். நற்காரியம் என்பது கேரம் போர்டு.

நான் எழுந்தேன். "அவங்க வந்தாங்க. நம்மளப் பாத்துட்டுத் திரும்பிப் போனாங்க" என்றேன்.

செயலாளர் எழுந்து, "டீச்சரம்மா சொல்றது முக்கியமான விஷயம்" என்றார். "பெண்கள் ஏன் வரலன்னு விசாரிக்க ஒரு கமிட்டி போட்ருவோம். அவங்களே கன்வீனர்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் என் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். எனக்குப் பின்னால் நன்றி தெரிவிக்கும் தீர்மானம் தொடங்கிவிட்டது. வரவேற்புக் கமிட்டிக்கு முதல் நன்றி, எனக்கு இரண்டாவது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதுவும் ஏகமனதாக.

தை பிறந்ததும் அந்தப் பெண்ணுக்கு மோல்மேனில் கலியாணம் ஆனது. எனக்கு அழைப்பு வரவில்லை, எதிர்பார்க்கவும் இல்லை.

சில வருஷம் கழித்து பபேடான் கடைத்தெருவில் பின்னாலிருந்து யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் மளிகைப் பை. பர்மாக்காரிகள்போல் லுங்கி கட்டியிருந்தாள். முகம் இளைத்திருந்தது. சிரிப்பு மட்டும் பழைய பெஞ்சில் இருந்ததுதான். தலைப்பிரசவத்துக்கு வராதவள் இரண்டாவதுக்குத் தாய்வீடு வந்திருந்தாளாம்.

குழந்தையைப் பற்றிக் கேட்டேன். அவள் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கடைசியில் கேட்டுவிட்டேன்.

"அம்மாவுக்குக் கடுதாசி எழுதறியா?"

"எழுத்துக் கூட்டி வாசிப்பேன் டீச்சர். எழுத வரமாட்டேங்குது. கை போகமாட்டேங்குது." குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அன்னைக்கு வண்டிக்குள்ளேர்ந்து மேல பாத்தேன். ஜன்னல் வழியா அலமாரி தெரிஞ்சுது. கண்ணாடி போட்டிருந்துச்சு."

"ஆமா" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது.

"அப்பா அந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தாரு டீச்சர். பொம்பளப் பிள்ளைங்க யாரும் வராததாலதான் நிறுத்திட்டாங்கன்னு அங்க வாசிச்சாங்களாம். வீட்ல வந்து சொல்லிச் சிரிச்சாரு. எத்தன பேருக்கு ஆசையா இருந்திருக்கும். நான் அன்னைக்கு எறங்கி வந்திருந்தா நடந்திருக்கும்ல? எங்களாலதான உங்க வேல எல்லாம் வீணாப் போச்சு" என்றாள். "என்னைய மன்னிச்சுக்கிடுங்க டீச்சர்."